உளுத்த மரமும் மக்கிய மரமும்

மே, ஜூன் மாதங்களில் சில நாள்கள் தில்லியின் மாலைப்பொழுது திடீரென இருண்டுவிடும். மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வரும் அக்காற்றை அங்குள்ள மக்கள் ‘ஆந்தி’ என்பர். 2022ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் வீசிய இடிப்புயலின்போது சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவாயிற்று. ஜாமா மசூதியின் நடுக் குவிமாடத்து உச்சிக் கலசம் முறிந்தது. நகரெங்கும் மரங்கள் வேரோடு சாய்ந்தன. சில இடுப்பளவில் ஒடிந்தன.

இத்தகைய நாள்களில் பழி முழுவதும் காற்றின்மேல் விழுகிறது. ஆனால் ஒரே தெருவில், ஒரே ஆண்டில் நடப்பட்ட இரண்டு மரங்களுள் ஒன்று வீழ்ந்து மற்றொன்று நிற்பதற்குக் காற்று மட்டுமே காரணமாகாது. அதற்கு விடை, வீழ்ந்த மரத்தின் முறிந்த முகத்தில் இருக்கும். அம்முகத்தில் விரல் நுழையும் அளவுக்குத் துளைகளும், அவற்றில் அடைந்த மரத்தூளும் காணப்பட்டால் அங்கு வாழ்ந்தது ஒரு வண்டின் புழு. துளை ஏதுமின்றி, கட்டை வெளுத்து, பஞ்சுபோல் மென்மையாகி, விரலால் அழுத்தினால் நார் நாராகப் பிரிந்தால் அங்கு வாழ்ந்தது ஒரு பூஞ்சை.

இவ்விரண்டு அழிவுகளையும் தமிழ் வேறுவேறு சொற்களால் குறிக்கிறது. பூச்சி அரித்துப் பொடியாக்கிய மரம் ‘உளுத்த’ மரம். ‘உளு’ என்பது மரத்தையும் தானியத்தையும் தின்னும் புழுவின் பெயர். ஈரத்தில் கிடந்து, தன் உறுதி கரைந்து போன மரம் ‘மக்கிய’ மரம். கறையானால் அழிந்ததற்கோ ‘செல்லரித்தல்’ என்ற மூன்றாவது சொல் உண்டு. நுண்ணோக்கி வருவதற்கு நெடுங்காலம் முன்பே, மரத்தோடு பழகிய தச்சரும் உழவரும் இவ்வேறுபாட்டைக் கண்ணாலும் கையாலும் அறிந்திருந்தனர் என்பதற்கு இச்சொற்களே சான்று.

மரத்தின் உள்ளே

இருவரின் செயலையும் விளங்கிக்கொள்ள, அடிமரத்தின் அமைப்பை முதலில் அறிய வேண்டும். வெளியே காய்ந்த பட்டை; அதன் உட்புறம் இலைகள் சமைத்த உணவு கீழிறங்கும் மெல்லிய உயிர்ப்படலம்; அதற்கும் உள்ளே வேர் உறிஞ்சிய நீரை மேலேற்றும் சாற்றுக்கட்டை; நடுவில் வைரக்கட்டை. ‘வைரம் பாய்ந்த மரம்’ என்று போற்றப்படும் அந்த நடுப்பகுதியில் உயிர் இல்லை என்பது வியப்பூட்டும் செய்தி. அது நீரைக் கடத்துவதில்லை. மரத்தைத் தூணாகத் தாங்குவது மட்டுமே அதன் பணி. ஆகையால் வைரக்கட்டை முழுவதும் கரைந்து போனாலும் மரம் தழைக்கும், பூக்கும், காய்க்கும். இவ்வுண்மையில் ஓர் இடர் மறைந்திருக்கிறது.

கட்டை செல்லுலோஸ், லிக்னின் என்னும் பொருள்களால் ஆனது. செல்லுலோஸை நாராகவும், லிக்னினை அந்நார்களை இறுக்கிப் பிடிக்கும் சாந்தாகவும் கருதலாம். சர்க்கரைக் கூறுகளின் சங்கிலியே செல்லுலோஸ். எனவே அதில் உணவு உண்டு. ஆயினும் அது லிக்னினால் பூட்டி வைக்கப்பட்ட உணவு. மரத்தை உண்டு வாழும் எவ்வுயிரும் இப்பூட்டைத் திறந்தாக வேண்டும்.

பல்லால் திறப்பது

மா, அரசு, ஆல், அத்தி முதலிய மரங்களைத் துளைக்கும் ஒரு பெரிய வண்டு இந்தியா முழுவதும் காணப்படுகிறது. அறிவியலார் அதனை ‘பட்டோசெரா ரூஃபோமாக்குலாட்டா’ என்பர். தமிழக மாந்தோப்புகளில் அதன் பெயர் தண்டு துளைப்பான். சாம்பல் கலந்த பழுப்பு நிறமுடைய இவ்வண்டு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நீளம் வளரும். அதன் கழுத்துப் பகுதியில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் இரண்டு இருக்கும். உணர்கொம்புகள் உடலைவிட நீண்டவை. இக்குடும்பத்து வண்டுகள் அனைத்துக்கும் நீள்கொம்பு வண்டுகள் என்னும் பெயர் வந்தது அதனால்தான்.

பெண் வண்டு தன் தாடையால் பட்டையைக் கீறி, ஒவ்வொரு கீறலிலும் ஒரு முட்டையை வைக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு முதலில் பட்டைக்கு அடியிலுள்ள சத்துமிக்க படலத்தைத் தின்கிறது. வளர வளர உள்நோக்கித் துளைத்துச் செல்கிறது. முழு வளர்ச்சியுற்ற புழு கைவிரல் அளவுக்குப் பருத்து, பால்வெண்மையாக, கால்கள் இன்றி இருக்கும். அதன் தலைப்பகுதியும் வலிய தாடைகளுமே அதற்கு உளியும் சுத்தியலும். உண்ட மரத்தில் பெரும்பகுதி செரிக்காமல் தூளாக வெளியேறும். அத்தூளைத் துளை வழியே புழு வெளியே தள்ளுவதால் மரத்தடியில் அது குவிந்து கிடக்கும். தோட்டக்காரர் துளைப்பானை முதலில் அறிவது பெரும்பாலும் இத்தூளைக் கண்டுதான்.

மரக்கட்டையில் புரதத்துக்குத் தேவையான நைட்ரஜன் மிகக் குறைவு. ஆகவே புழு நிறையத் தின்று மெல்ல வளர்கிறது. ஓராண்டின் பெரும்பகுதியை இருளில் கழித்துக் கூட்டுப்புழுவாகி, மழைக்காலத்தை ஒட்டி முழு வண்டாக வெளிவருகிறது. அதன் பிறகு அது கட்டையை உண்பதில்லை. இளங்கிளைகளின் பட்டையைக் கடித்து, இரவில் பறந்து, இணைதேடி, வேறொரு மரத்தில் முட்டையிட்டு மடிகிறது. அதாவது, துளைத்தல் என்பது இவ்வண்டின் குழந்தைப் பருவத் தொழில்.

கரைத்துத் திறப்பது

பூஞ்சைக்குப் பல்லும் இல்லை, வயிறும் இல்லை. தில்லியின் ஷீஷம், கருவேல மரங்களிலும், தமிழகத்தின் தென்னைகளிலும் வேரழுகலை உண்டாக்கும் ‘கேனோடெர்மா’ என்னும் பூஞ்சையினத்தை எடுத்துக்கொள்ளலாம். மழைக்குப் பின் மரத்தின் அடியில், சுவரில் பதித்த தட்டுப்போல் ஒன்று புடைத்து வளரும். மேற்புறம் அரக்குப் பூசியதுபோல் செம்பழுப்பாகப் பளபளக்கும். ஓரம் வெண்மையாக இருக்கும். அடிப்புறத்தில் ஊசி முனையால் குத்தியவைபோல் நுண்துளைகள் நிறைந்திருக்கும். இதனைக் காளான் என்கிறோம். சீனத்தில் இதன் உறவினங்கள் ‘லிங்ஷி’ என்னும் பெயரில் மருந்தாக மதிக்கப்படுகின்றன.

ஆனால் அத்தட்டு பூஞ்சையின் கனி மட்டுமே. மாங்கனியைக் கண்டு அதுவே மாமரம் என்று எவரும் சொல்வதில்லை. காளானில் மட்டும் அத்தவற்றை எல்லாரும் செய்கின்றனர். தட்டைப் பெயர்த்து எறிந்துவிட்டால் நோய் தீர்ந்தது என நினைக்கின்றனர். உண்மையான பூஞ்சை, தலைமுடியைவிட மெல்லிய எண்ணற்ற இழைகளாக வேருக்குள்ளும் அடிமரத்துக்குள்ளும் ஏற்கெனவே பரவியிருக்கும். தட்டு வெளிப்படும்போது உள்ளே பல ஆண்டு வேலை முடிந்திருக்கலாம்.

அவ்விழைகள் தம்மைச் சுற்றியுள்ள கட்டையில் நொதிகளைச் சுரக்கின்றன. நொதி என்பது ஒரு பொருளைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் வேதிக் கருவி. மனிதனின் உமிழ்நீரிலும் அத்தகையது உண்டு. மனிதன் உணவை உள்ளே அனுப்பிய பின் செரிக்கிறான். பூஞ்சையோ வெளியிலேயே செரித்துவிட்டு, கரைந்ததை மட்டும் உறிஞ்சிக்கொள்கிறது. பல்லுடைய வண்டால் முழுமையாகத் திறக்க முடியாத லிக்னின் பூட்டைப் பல்லில்லாத பூஞ்சை திறந்துவிடுகிறது. லிக்னினை அடியோடு சிதைக்கும் ஆற்றல் உலகில் மிகச் சில உயிர்களுக்கே உண்டு. கேனோடெர்மா போன்ற வெண்ணழுகல் பூஞ்சைகள் அவற்றுள் முதன்மையானவை. பழுப்பு நிறச் சாந்து நீங்கிவிடுவதால்தான் மக்கிய கட்டை வெளுத்து, நாராகிக் காணப்படுகிறது.

பூஞ்சைக்கு இறக்கையும் இல்லை. தட்டின் அடிப்புறத் துளைகளிலிருந்து ஒரே நாளில் கோடிக்கணக்கான வித்துகள் காற்றில் கலக்கின்றன. ஏறத்தாழ அனைத்தும் வீணாகும். எங்கோ ஒன்று, புதிதாக வெட்டுண்ட ஒரு கிளையின் ஈரத்தில் விழுந்தால் போதும். வண்டு சில நூறு முட்டைகளை இடம் பார்த்து வைக்கிறது. பூஞ்சை இடமே பாராமல் எண்ணிக்கையை நம்புகிறது.

இத்தனை வேறுபாட்டுக்கும் இடையில் ஓர் ஒற்றுமை உண்டு. வண்டின் ஓட்டுக்கு உறுதி தரும் கைட்டின் என்னும் பொருளே பூஞ்சையிழையின் சுவரையும் கட்டுகிறது. தாவரங்கள் மாவுச்சத்தைச் சேமிக்க, பூஞ்சைகளோ விலங்குகளைப்போல் கிளைக்கோஜனைச் சேமிக்கின்றன. ஒரு காலத்தில் பூஞ்சைகளைத் தாவரப் பாடத்தில் சேர்த்துப் படித்தனர். உண்மையில் அவற்றின் உறவு மரத்தைவிட வண்டுக்கே நெருக்கம்.

எது கொடியது?

கண்ணுக்குத் தெரியும் தீங்கே பெரிய தீங்காகத் தோன்றும். துளைப்பான் புகுந்த கிளை வாடுகிறது, இலை உதிர்கிறது, தூள் கொட்டுகிறது, பட்டையில் சாறு வடிகிறது. புழு உயிர்ப்படலத்தைக் கிளையைச் சுற்றித் தின்றுவிட்டால் அக்கிளை பட்டுப்போகும். அதைக் கண்டு மக்கள் அஞ்சுவர், நடவடிக்கை எடுப்பர். மாந்தோப்பில் வளைந்த கம்பியைத் துளையில் செலுத்திப் புழுவை வெளியே இழுப்பதும், மருந்தில் நனைத்த பஞ்சைத் திணித்து ஈரமண்ணால் துளையை அடைப்பதும் பழகிய முறைகள்.

வைரத்தை மக்கச் செய்யும் பூஞ்சையோ இலையைத் தொடுவதில்லை. சாற்றுக்கட்டை எஞ்சியிருக்கும்வரை மரம் பச்சைப் பசேலென நிற்கும். அடர்ந்த தழையே புயலில் பாய்மரமாகிக் காற்றை முழுவதும் வாங்கிக்கொள்ள, உள்ளே தூண் இல்லாத மரம் ஒடிகிறது. வேர் அழுகிய மரம் பெயர்கிறது. நலிந்து நிற்கும் மரத்தின் கீழ் எவரும் வண்டியை நிறுத்துவதில்லை. நிழல் தரும் செழித்த மரத்தின் கீழ்தான் நிறுத்துவர். தெருவோர மரங்களைப் பொறுத்தவரை, சத்தமின்றி வேலை செய்யும் பூஞ்சையே கூடுதலாகக் கவனிக்கத்தக்கது.

இருப்பினும் வண்டு எப்போதும் சிறு பகைவன் அன்று. மத்திய இந்தியாவின் சால் காடுகளில் வேறொரு நீள்கொம்பு வண்டு அவ்வப்போது கட்டின்றிப் பெருகும். 1990களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தில் அது இலட்சக்கணக்கான மரங்களைத் தாக்கியது. அவ்வண்டைப் பிடிக்கும் முறை சுவையானது. ஒரு சால் மரத்தை வெட்டித் துண்டாக்கி, அதன் பட்டையை நைய அடித்து வைப்பர். கசியும் சாற்றின் மணத்தை நாடித் தொலைவிலிருந்தும் வண்டுகள் வந்து குடித்து மயங்கிக் கிடக்கும். காட்டுவாழ் மக்கள் அவற்றைக் கையாலேயே பொறுக்கி எடுப்பர். பறந்து வரும் வண்டுக்குப் பொறி வைக்கலாம். இருந்த இடத்திலேயே இழையோடும் பூஞ்சைக்குப் பொறி இல்லை.

தமிழகத் தென்னை உழவர்கள் இதனை நன்கு அறிவர். 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சைப் பகுதித் தென்னைகளில் கேனோடெர்மா நோய் தலைகாட்டியது. தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர் பெற்றது. அடிமரத்திலிருந்து செம்பழுப்பு நிறச் சாறு கசிவது அதன் அடையாளம். நோயுற்ற மரத்தைச் சுற்றி ஆழமான அகழி வெட்டி, வேர் வழியே அது அடுத்த மரத்துக்குப் பரவாமல் தடுப்பர். வேப்பம் பிண்ணாக்கும், ‘டிரைக்கோடெர்மா’ என்னும் மற்றொரு பூஞ்சையும் மண்ணில் இடப்படுகின்றன. முள்ளை முள்ளால் எடுப்பது போன்றது இது. அதே தென்னையின் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டை ஒழிக்கவும் ஒரு பூஞ்சையே உதவுகிறது. ‘மெட்டாரைசியம்’ என்னும் அப்பூஞ்சையை வண்டு முட்டையிடும் எருக்குழியில் கலப்பர். அது புழுவின் உடலில் வேரூன்றி அதைக் கொல்லும்.

பூஞ்சை வண்டைக் கொல்வதும் உண்டு. வண்டு பூஞ்சையை வளர்ப்பதும் உண்டு. இலங்கை மலையகத்திலும் தென்னிந்தியாவிலும் தேயிலைச் செடியின் தண்டைத் துளைக்கும் எள்ளளவு வண்டு ஒன்று இருக்கிறது. அது மரத்தை உண்பதே இல்லை. தான் குடைந்த சுரங்கத்தின் சுவரில் பூஞ்சையை விதைத்து, அதன் விளைச்சலைத் தானும் தின்று குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது. வேறு செடிக்குப் பறக்கும்போது பூஞ்சை விதையைத் தன் உடலிலுள்ள சிறு பையில் கொண்டு செல்கிறது. லிக்னின் பூட்டைத் திறக்கத் தன்னால் முடியாதபோது, முடிந்தவனைக் குடியமர்த்திக்கொள்ளும் உழவுத் தொழில் அது.

காயமே கதவு

ஆரோக்கியமான மரம் எளிதில் இடம் கொடுப்பதில்லை. பட்டை அதன் கோட்டை மதில். அம்மதிலில் கதவு திறப்பது பெரும்பாலும் மனிதர்தாம்.

புதுதில்லி உருவானபோது, மஸ்டோ என்னும் தோட்டக்கலை வல்லுநர் மேற்பார்வையில் சாலைதோறும் மரங்கள் நடப்பட்டன. அக்பர் சாலையின் புளியும் ஜன்பத்தின் மருதும் துக்ளக் சாலையின் நாவலும் அக்காலத் திட்டத்தில் பிறந்தவை. அவற்றுள் பல இன்று நூறாண்டை நெருங்குகின்றன. அவற்றின் அடிவரை நடைபாதைக் கற்கள் பதிக்கப்பட்டன. கம்பிகளும் குழாய்களும் புதைக்க வேர்கள் வெட்டப்பட்டன. விளம்பரப் பலகைகளுக்கு ஆணிகள் அறையப்பட்டன. மழைநீரும் காற்றும் புகாத மண்ணில் வேர் நலிகிறது. வெட்டுண்ட வேரில் பூஞ்சை புகுகிறது. நலிந்த மரத்தை வண்டு தேடி வருகிறது. 2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றுமாறு ஆணையிட்டது. 1994ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி உரிய அனுமதியின்றி மரம் வெட்டுவது குற்றம். சட்டம் கோடரியைத் தடுக்கும். ஆணியின் துளையையும் வேரின் வெட்டையும் அவ்வளவு எளிதாகக் கண்டுபிடிக்காது.

கிளை வெட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கில் அறுத்துப் பார்த்து ஓர் உண்மையை நிறுவினார். மனிதத் தோலின் புண்போல் மரத்தின் காயம் ஆறுவதில்லை. மரம் காயத்தைச் சுற்றி வேதிச் சுவர் எழுப்பி, அழுகலை உள்ளேயே சிறைவைத்துவிட்டு, அதன்மேல் புதுக்கட்டையை வளர்த்துக்கொள்கிறது. கிளை பிறக்கும் இடத்தில் காணப்படும் சிறு புடைப்பில்தான் அச்சுவரை எழுப்பும் ஆற்றல் மிகுதி. புடைப்பை விட்டுவிட்டு அதன் வெளிப்புறத்தில் வெட்டினால் மரம் தன்னைக் காத்துக்கொள்ளும். அடிமரத்தோடு ஒட்ட வழித்து வெட்டினால் சுவரெழுப்பும் இடமே போய்விடும். அழகாக இருக்கிறதென்று வழித்து வெட்டப்பட்ட பல கிளைகள், சில ஆண்டுகளில் பொந்துகளாக மாறுவதற்குக் காரணம் இதுவே. பொந்தைச் சிமெண்டால் அடைப்பதும் பயன் தராது. மரம் காற்றில் அசைய, சிமெண்ட் அசையாது. இடையில் தேங்கும் ஈரத்தில் பூஞ்சை மேலும் செழிக்கும்.

காட்டில் மட்டும் கணக்கு மாறுகிறது. தில்லியின் நடுவே ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடியாக ‘ரிட்ஜ்’ என்னும் காட்டுமேடு நீள்கிறது. அங்கே சீமைக்கருவேலமும் பிற மரங்களும் விழுந்தால் விழுந்தபடியே கிடக்கலாம். வண்டின் புழு அவற்றில் சுரங்கம் அமைக்கிறது. அச்சுரங்கத்தின் வழியே நீரும் பூஞ்சையும் உள்ளே செல்கின்றன. பூஞ்சை மென்மையாக்கிய கட்டையை அடுத்த தலைமுறைப் பூச்சிகள் உண்கின்றன. இவ்விருவரும் இல்லையேல் மரம் மண்ணிலிருந்து எடுத்த சத்து மண்ணுக்குத் திரும்ப மிக நெடுங்காலம் ஆகும். அக்பர் சாலையில் நோய் எனப்படும் அதே செயலுக்கு ரிட்ஜில் மண் வளர்த்தல் என்று பெயர்.

சாலையோரத்திலும்கூட ஒவ்வொரு பொந்தும் கேடு அன்று. தில்லியின் பச்சைக்கிளிகளும் புள்ளி ஆந்தைகளும் பூஞ்சை குடைந்த முதுமரங்களில் குடியிருக்கின்றன. சாம்பல் இருவாச்சிப் பறவைக்கு மரத்தைக் குடையும் அலகு இல்லை. பூஞ்சை அமைத்துத் தரும் பொந்தையே அது நம்பியிருக்கிறது. கோடையில் பெண் பறவை அத்தகைய ஒரு பொந்துக்குள் புகுந்து, வாயிலை மெல்லிய பிளவு மட்டும் விட்டு அடைத்துக்கொள்கிறது. குஞ்சுகள் ஓரளவு வளரும்வரை வாரக்கணக்கில் அது வெளியே வருவதில்லை. ஆண் பறவை அரசமரத்துப் பழங்களைக் கொண்டுவந்து, அப்பிளவின் வழியே ஒவ்வொன்றாக ஊட்டுகிறது.